மைனஸ் நாற்பது புஷ்

மேற்குத் தாம்பரத்தில் அசரியா குடியிருந்த தெருவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் படித்தவனுக்குக் கரண்டில் ஓடுகிற எதையும் ரிப்பேர் பார்க்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் யாராவது மிக்ஸியைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நிற்பார்கள். எதிர்வீட்டு அங்காளம்மாவின் டிவியில் புள்ளி விழுந்தால் அவன்தான் மொட்டை மாடி ஏறி ஆண்டெனாவைத் திருப்ப வேண்டும். கீழேயிருந்து, "இன்னும் கொஞ்சம் திருவொற்றியூர் பக்கம்", "அய்யய்யோ போயிடுச்சு, பழையபடி திருநீர்மலை பக்கம்" என்று தெருவே வழி சொல்லும். தனக்கும் ஆண்டெனாவுக்கும் சம்பந்தமில்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அப்புறம் எதற்கு உனக்கு அவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைத்தார்கள் என்று அங்காளம்மா திருப்பிக் கேட்டாள். அவன் அப்பாவும் ஏறக்குறைய அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா சானடோரியம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கார் உத்தியோகத்தைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குத் திருவிழாக் கடை மாதிரி. இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் பந்தலைப் பிரித்துவிடுவான். மகன் வேலை பார்ப்பது குரோம்பேட்டையில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் ஒரு கம்பெனி என்றும், ஒரு வருஷம் கழித்துத்தான் நிரந்தரம் செய்வார்கள் என்றும் தெரிந்த நாளிலிருந்து ராத்திரி சாப்பாட்டில் ரசத்துக்கு முன்னால் அந்தக் கேள்வி வந்துவிடும். "என்னப்பா, பர்மனென்ட் பண்ணிட்டானா?"

எண்பத்தொன்பதாம் வருஷத்துக் கதை இது. புரோகிராம் எழுதுவதற்கு என்று சொல்லித்தான் அசரியாவைச் சேர்த்தார்கள். எழுதியது கொஞ்சம், எழுதியதைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் தொங்கியதுதான் அதிகம். புரோகிராமைப் பதிந்து வைத்திருக்கும் ஃப்ளாப்பி தட்டு மடங்கிவிடக் கூடாது, தூசு படக் கூடாது என்று சாப்பாட்டு டப்பா ஒன்றைத் துடைத்து அதற்குள் வைத்துக்கொண்டு போவான். அவன் அம்மா ஒருநாள் டப்பா காலியாகக் கிடக்கிறதே என்று அதில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்துவிட்டாள். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனிக்காரர் முன்னால் அதைத் திறந்துவிட்டு அவன் நின்ற நிலையை இப்போது சொல்ல வேண்டாம்.

அவன் நிம்மதியைத் தின்றது மறைமலை நகரில் இருந்த கோமளா ரப்பர்ஸ். வண்டிகளுக்கு வேண்டிய ரப்பர் புஷ், ஆயில் சீல் எல்லாம் செய்கிற தொழிற்சாலை. அதன் கோடவுனுக்கு எத்தனை சரக்கு உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது, மிச்சம் எவ்வளவு என்று கணக்குச் சொல்லும் புரோகிராமை அசரியாதான் எழுதினான். அவனாகவே தொடக்கம் முதல் முடிவு வரை எழுதிய முதல் புரோகிராம். சரக்கு வந்தாலும் போனாலும் தேதியோடு மணியும் பதிவாகும். லாரியோடு போகும் சலானில் அந்த மணி அச்சாகும். சாயங்காலம் ஒரு பட்டனை அழுத்தினால் அன்றைய வரவு செலவு முழுவதையும் மணி வரிசைப்படி அடுக்கிக் கூட்டிக் கழித்து ரிப்போர்ட் வரும். நடுவில் எங்கேயாவது கையிருப்பைவிட அதிகமாகச் சரக்கு போனதாகத் தெரிந்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். இல்லாத சரக்கை எப்படி அனுப்ப முடியும்? இந்தக் காவலை வைத்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தேதி மட்டும் போதுமே, மணி எதற்கு என்று அவன் கம்பெனி முதலாளி ஸ்ரீநிவாசராகவன் கேட்டபோது, இருந்தால் நன்றாக இருக்கும் சார் என்று சொல்லிச் சேர்த்தவன் அவன்தான்.

முதல் மாதம் தேன் போல ஓடியது. அடுத்த மாதம் நிற்கத் தொடங்கியது. ஒரு வாரம் ஒழுங்காக ஓடும். திடீரென்று ஒரு சாயங்காலம் பாதி ரிப்போர்ட்டில் புஷ் கையிருப்பு மைனஸ் என்று காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். மாடு படுத்துக்கொண்ட மாதிரிதான்; வாலை முறுக்கினாலும் எழுந்திருக்காது. மறுநாள் காலையில் ஆலை மானேஜர் வைத்தீஸ்வரன் குரோம்பேட்டைக்குப் போன் போடுவார். ஸ்ரீநிவாசராகவன் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு அசரியாவைப் பார்ப்பார். அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறுவான்.

வாரத்தில் செவ்வாயும் வியாழனும் அவனுக்கு மறைமலை நகர்; வெள்ளிக்கிழமை பல்லாவரத்துத் தோல் கம்பெனி. ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கிப் புழுதியில் நடந்து ஆலைக்குள் நுழைந்தால் அடுத்தது கரி. ரப்பரில் கலக்கிற கார்பன் கரி காற்றிலேயே இருக்கும். வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் புறா நிறமாகிவிடும். கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறைக்குள் மட்டும் ஏசி உண்டு; செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அவன் போய் உட்கார்ந்து, தானே மெஷினைப் போட்டு, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைக் கொடுத்து, புரோகிராமை ஓட்டினால் அது பெண் பார்க்க வந்த நாளில் பெண் இருப்பது போல அத்தனை அடக்கமாக ஓடும். நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பான். ஒரு தப்பு வராது. கிளம்பிப் போனால் மறுநாளோ அதற்கு மறுநாளோ போன் வரும்.

இதையெல்லாம் தூரத்திலிருந்து ரசித்துக்கொண்டிருந்தவர் கோடவுன் எத்திராஜ். மூட்டை, டப்பா, லாரி எல்லாம் அவர் பொறுப்பு. கம்ப்யூட்டர் வந்ததில் அவருக்குக் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, பொழுதுபோக்கு கிடைத்தது.

"இன்னா சார், உன் மிஷினு கோடவுன்ல மைனஸ் நாப்பது புஷ் கீதுன்னுது" என்றார் ஒருநாள். "நானும் போய்த் தேடிகினு வந்தேன். மைனஸ் சரக்கை எந்த ரேக்குல அடுக்கறது, அதையும் நீயே சொல்லிட்டா நல்லாருக்கும்."

அசரியா சிரிக்கவில்லை. அவன் இல்லாதபோது மட்டும் ஏன் நிற்கிறது என்பதற்கும் எத்திராஜிடம் விளக்கம் இருந்தது. "உன்னப் பாத்தா அதுக்கு பயம் சார். உன் போட்டோ ஒண்ணு குடுத்துட்டுப் போ, மிஷினு மேல மாட்டி வெச்சிடறேன்."

அவன் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டான். வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று ஸ்டெபிலைசரை மாற்றச் சொன்னான், மாற்றினார்கள், புரோகிராம் மறுபடி நின்றது. ஃப்ளாப்பி டிரைவில் கரி போயிருக்கும் என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான், நின்றது. எலி வயரைக் கடித்திருக்கலாம் என்று மேசைக்கடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். எலி கடித்திருந்தது, ஆனால் அது டெலிபோன் வயரை. வீட்டுக்குக் கட்டுக் கட்டாகத் தாளை எடுத்துப் போய்த் தன் புரோகிராமை வரி வரியாகப் படித்தான். தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பான். ஒன்றும் இல்லை.

கடைசியில் நின்றுபோன நாட்களின் கணக்கை மணி வரிசையில் அச்சடித்து வைத்துக்கொண்டு பார்த்தான். ஒவ்வொன்றிலும் சரக்கு போன மணி முன்னால் இருந்தது, வந்த மணி பின்னால் இருந்தது. அவனுக்குப் பொறி தட்டியது. சரக்கை உள்ளே பதிவு செய்யாமலேயே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். நேரே எத்திராஜிடம் போய், பத்து பேர் முன்னால், திருட்டுத்தனமாக யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்காத குறையாகக் கேட்டுவிட்டான்.

எத்திராஜ் அன்று சிரிக்கவில்லை. "ரப்பர் அடிக்கிற ஷாப்லேருந்து டப்பா வராம நான் இன்னாத்த சார் லாரில ஏத்துவேன்? என் தலையையா? வயசுல சின்னவன் நீ, போ."

விஷயம் மானேஜர் காதுக்குப் போயிற்று. வைத்தீஸ்வரன் அவனைக் கூப்பிட்டனுப்பி, என்னுடைய ஆட்களைத் திருடன் என்று சொல்ல உன் மெஷினுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். தப்பு புரோகிராமில் இருக்கிறது என்று அவர் முதல் நாளே முடிவு கட்டியாயிற்று. இந்த மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிடுவதாகவும், இந்தத் தொழிற்பேட்டையில் மற்ற கம்பெனிக்காரர்களிடமும் சொல்லி வைப்பதாகவும் சொன்னார்.

குரோம்பேட்டையில் ஸ்ரீநிவாசராகவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. "தப்பு அவங்க பக்கம்னா அதை அவங்க வாயால சொல்ல வை. நம்ம பக்கம்னா, உன்னை எப்படிப்பா நான் வெச்சுக்கறது? நீயே சொல்லு." அன்று ராத்திரி அப்பா ரசத்துக்கு முன்னால் அதே கேள்வியைக் கேட்டார். அசரியா மோருக்குப் போய்விட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் முதலாளி வீட்டு விசேஷம் என்று விடுமுறை. மாதமோ முடியப் போகிறது. வேறு கதியில்லாமல் அவன் வழக்கமில்லாத வழக்கமாக வெள்ளிக்கிழமையில் மறைமலை நகர் பஸ்ஸைப் பிடித்தான். கூடுவாஞ்சேரியில் பஸ் பஞ்சர். போய்ச் சேரும்போது பதினொரு மணி ஆகிக்கொண்டிருந்தது. ஆலையில் கரண்டும் இல்லை. வெளியே டீ குடித்துவிட்டு வந்தான். கரண்ட் வந்து மோட்டார்கள் உறுமத் தொடங்கின. பைப்படியில் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி அறையிலிருந்து பிரிண்டர் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

மெஷினைப் போட்டிருந்தவள் ஜெயக்கொடி, ஆலையில் கணக்கை அதில் ஏற்றுகிறவள். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வருகிறவள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள், விரல் பார்க்காமல் அடிப்பாள். கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். இத்தனை ரகளையிலும் அசரியாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லாத ஒரே ஆள் அவள். அதற்காகவே அவள் மேல் அவனுக்கு மரியாதை.

அவன் உள்ளே போனபோது பிரிண்டரிலிருந்து ஒரு சலான் வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. அவன் சும்மா பார்த்தான். நாற்பது புஷ். தேதி சரி. மணி ஒன்பது இருபத்தைந்து.

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று தாண்டியிருந்தது. கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான். வாசலில் நின்ற எத்திராஜிடம் மணி கேட்டான். முகம் கொடுக்காமல் அவரும் பதினொன்றுதான் என்றார்.

அந்தக் கால மெஷினுக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் இன்றைக்கு என்ன தேதி, இப்போது மணி என்ன என்று கேட்கும். போடுகிறவர் சொல்கிற மணியை நம்பி, அங்கிருந்து எண்ணிக்கொண்டு போகும்.

"அக்கா, இதுல ஒம்பது இருபத்தஞ்சுன்னு வருதே, மணியை நீங்களா கொடுத்தீங்க?"

ஜெயக்கொடி சலானைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மானேஜர் அறையைப் பார்த்தாள். "கதவை சாத்திட்டு வாங்க சார்."

அவன் சாத்தினான்.

"இப்போ ராகு காலம் சார்" என்றாள்.

அவள் சொன்னதன் சுருக்கம் இது. ராகு காலத்தில் லாரிக்குச் சலான் போடக் கூடாது என்பது வைத்தீஸ்வரனின் பழைய கட்டளை. கரண்ட் ஒழுங்காக இருக்கும் நாளில் அவள் முன்கூட்டியே சலானை அடித்து லாரியை அனுப்பிவிடுவாள். கரண்ட் போய் வேலை தங்கிவிட்டால் லாரியை நிறுத்தி வைக்கவும் முடியாது. கையால் எழுதின காலத்தில் சங்கடமே இல்லை, ஒரு நல்ல நேரமாகப் பார்த்து எழுதிவிடுவார்கள். மானேஜரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். இந்த மெஷின் வந்து தானாக மணியை அச்சடிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரை-பன்னிரண்டு ராகு காலத்துக்குள், பதினொரு மணி என்று ஒரு சலான் போனது. மானேஜர் அதை நாலாகக் கிழித்துப் போட்டு, லாரி குடை சாய வேண்டும் என்று உனக்கு ஆசையா என்று கேட்டார். அன்றிலிருந்து, கரண்ட் போய் வந்து மெஷின் மணி கேட்கும்போது ராகு காலமாக இருந்தால் அவள் ராகு காலம் தொடங்குவதற்கு முந்தின ஏதாவது ஒரு நேரத்தைக் கொடுத்துவிடுவாள்.

அசரியா நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய பதிவுகளைப் பார்த்தான். காலையில் ஒன்பது ஐம்பதுக்குச் சரக்கு உள்ளே வந்ததைப் பதிவு செய்தாயிற்று. பிறகு கரண்ட் போயிற்று. பதினொரு மணிக்கு அனுப்புகிற சரக்கு ஒன்பது இருபத்தைந்துக்குப் போனதாகப் பதிவாகிறது. வருவதற்கு முன்பே போய்விடுகிறது. கூட்டிக் கழித்தால் மைனஸ் நாற்பது. அவன் வந்த நாட்களில் மெஷினை அவனே போட்டான், உண்மையான மணியைக் கொடுத்தான். பிறகு எப்படி நிற்கும்?

இத்தனை நாள் எலி, கரி, வோல்டேஜ் என்று அலைந்ததெல்லாம் மண்டைக்குள் ஒருமுறை சுற்றி வந்தது. சத்தம் போட வேண்டும் போல இருந்தது. அந்தக் கண்ணாடி அறையில் சத்தம் போட்டால் ஆலைக்கே கேட்கும்.

"அக்கா, இதால என் வேலை போகப் போகுது. தெரியுமா உங்களுக்கு?"

"சத்தியமா தெரியாது சார். மெஷின் நிக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு யார் கண்டா? சலான்ல போடற மணிதானேன்னு நினைச்சேன்."

அவன் எழுந்தான். மானேஜர் அறை பத்தடி தூரம். நேராகப் போய், சார், தப்பு புரோகிராமில் இல்லை, உங்கள் ராகு காலத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஸ்ரீநிவாசராகவன் கேட்டது கையில் வந்துவிட்டது.

"அவர்கிட்ட சொல்லாதீங்க சார்" என்றாள் ஜெயக்கொடி. அழவில்லை, கெஞ்சவுமில்லை, நடக்கப் போவதைச் சொன்னாள். "தன்னாலதான்னு அவர் ஒத்துக்க மாட்டார். மணியை மாத்தினவ வேற என்னென்ன மாத்தினாளோன்னுதான் கேப்பார். எத்திராஜ் அண்ணனை வேற சேத்துப் பேசுவார்."

அவள் சொன்னது சரி. அந்தக் கேள்வியைப் போன வாரம் எத்திராஜிடம் கேட்டவனே அவன்தான். கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்தான். பிறகு திரும்பி வந்து, கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், கணக்கை மறுபடி அச்சடித்தான். இந்தத் தடவை மணி வரிசையில் அல்ல, அவள் அடித்த வரிசையிலேயே. முதலில் வந்தது, பிறகு போனது, மறுபடி வந்தது, போனது. ஒன்றுகூட முன்னுக்குப் பின் இல்லை. எந்த நாளை எடுத்தாலும் கணக்கு கச்சிதமாக இருந்தது. இத்தனை வாரமும் அவன் மணி வரிசைத் தாளையேதான் வெறித்துப் பார்த்திருக்கிறான். அடுக்கிக் குலைத்தது அவன் சேர்த்த அந்த மணி. இருந்தால் நன்றாக இருக்கும் சார்.

மாற்ற வேண்டியது சில வரிகள்தான். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண். கூட்டல் கழித்தல் எல்லாம் அந்த எண்படி. சலானில் அச்சாகும் மணியை அடிக்கும்போது தனியாகக் கேட்கும். எதைக் கொடுத்தாலும் பல்லைக் காட்டி வாங்கிக்கொள்ளும், கணக்கில் தொடாது. "இனிமே மெஷினைப் போடும்போது கேட்டா உண்மையான மணியைக் கொடுங்க. சலானுக்குக் கேட்டா உங்க இஷ்டம். பிரம்ம முகூர்த்தம்கூடக் கொடுங்க" என்றான். அவள் தலையாட்டினாள்.

சாயங்காலம் ரிப்போர்ட் கடைசி வரி வரைக்கும் வந்தது. வைத்தீஸ்வரன் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். எத்திராஜ் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். ஜெயக்கொடி மெஷினுக்கு உறை போடுவதில் மும்முரமாக இருந்தாள்.

"சரி, யார் தப்பு?" என்று கேட்டார் மானேஜர்.

அசரியா மேசைக்கடியைப் பார்த்தான். எலி என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"புரோகிராம்ல சார். வரிசைப்படுத்தறதுல ஒரு தப்பு. நான் பண்ணது."

சொல்லும்போதே அது முழுப் பொய்யும் இல்லை என்பது தெரிந்தது. எரிச்சல் அதனால் இன்னும் கூடியது. வைத்தீஸ்வரன் முகம் மலர்ந்ததை அவன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்று எத்திராஜைப் பார்த்துக் கேட்டார். அப்போதே டெலிபோனை எடுத்துக் குரோம்பேட்டைக்குப் போட்டார். அசரியா சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றான்.

"உங்க பையன் தப்பைத் தானே ஒத்துக்கிட்டான் சார். இந்தக் காலத்துல யார் ஒத்துக்கறா? எங்க சம்பளக் கணக்கையும் மெஷின்ல போட்டுடலாம்னு இருக்கேன். இந்தப் பையனையே அனுப்புங்க. வேற ஆள் வேண்டாம்."

அந்தப் பக்கம் ஸ்ரீநிவாசராகவன் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. சொல்வதற்கு அவருக்கு என்ன இருக்கிறது? புது வேலையைக் கொண்டு வந்தவனை எந்த முதலாளி அனுப்புவான்?

வெளியே வந்தபோது எத்திராஜ் கூடவே நடந்தார். "அப்போ நான் ஒண்ணும் தூக்கிகினு போவல, அப்டித்தானே சார்?"

"இல்லண்ணா. மன்னிச்சுக்கோங்க."

"மன்னிப்பெல்லாம் நீயே வெச்சுக்கோ. டீ வாங்கிக் குடு." டீயைக் குடித்துவிட்டு, கண்ணாடி அறைப் பக்கம் தலையைச் சாய்த்துச் சொன்னார்: "கதவு கண்ணாடி சார். சாத்திகினா மட்டும் இன்னா, எல்லாம் தெரியுது."

வேலை நிரந்தரமாயிற்று. அப்பாவுக்குக் கேள்வி தீர்ந்துவிட்டதில் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு வாரம் ரசத்தில் உப்பில்லை என்று சொல்லிப் பார்த்தார்.

சம்பளப் புரோகிராமைத் தொடங்கி வைக்க வைத்தீஸ்வரனே நாள் குறித்தார். வெள்ளிக்கிழமை, வளர்பிறை, நல்ல நாள். ஸ்ரீநிவாசராகவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தட்டில் சாக்லேட் இருந்தது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். அசரியா டப்பாவைத் திறந்து ஃப்ளாப்பிதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு சுவிட்சில் கை வைத்தான். வைத்தீஸ்வரன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பஸ் தாமதமாகி, பேச்சு வளர்ந்து, மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது.

"பன்னெண்டு அடிக்கட்டும்பா" என்றார்.

ஜெயக்கொடி பூப்போட்ட உறையை மடித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. எத்திராஜ் இருமினார். அசரியா சுவிட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அத்தனை பேர் நெருக்கத்தில் ஏசியையும் மீறிச் சாக்லேட் உருகத் தொடங்கியது. ஒருவழியாக ஆலைச் சங்கு பன்னிரண்டுக்கு ஊதியது. மானேஜர் கண்களை மூடித் திறந்து, ம், என்று தலையசைத்தார்.

அசரியா சுவிட்சைப் போட்டான். கரண்ட் இல்லை.